அச்சிட்டால் புத்தகம், அனுப்பினால் ஆயுதம்

1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் அச்சான ஒரு புத்தகக் கட்டு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 6000 பக்கங்களுக்கு மேல். பக்கத்துக்குப் பக்கம் கணினி நிரல், வேறொன்றும் இல்லை. 70க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உட்கார்ந்து அதைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார்கள். பிறகு எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு அச்சை மறுபடி நிரலாக்கினார்கள். ஸ்கேனருக்கு 1 என்ற எண்ணும் ஆங்கிலத்தின் சின்ன ‘எல்’ எழுத்தும் ஒன்றுதான். நிரலில் ஓர் எழுத்து பிசகினாலும் எல்லாம் பாழ். அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அதையும் வரியோடு சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். வரியும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் கணினி அந்த இடத்தில் நின்றுவிடும். ஒருவர் புத்தகத்தைப் பிரித்துக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். இப்படியே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள்.

ஒரு குறுந்தட்டில் போட்டு அனுப்பியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் வேலை. ஆனால் அப்படி அனுப்புவது அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குற்றம். செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் மென்பொருள் 1996 இறுதிவரை அங்கே ஏற்றுமதிக்கான ஆயுதப் பட்டியலில் இருந்தது, துப்பாக்கிக்கும் ஏவுகணைக்கும் பக்கத்தில். பிறகு அது வணிகத் துறையின் கட்டுப்பாட்டுக்கு மாறியதே தவிர, தடை போகவில்லை. புத்தகத்துக்கு மட்டும் தடை இல்லை. அச்சிட்ட புத்தகத்தைத் தடுத்தால் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், அதாவது பேச்சுரிமை, குறுக்கே வரும். ஒரே நிரல்தான். தாளில் இருந்தால் பேச்சு, தட்டில் இருந்தால் தளவாடம். சட்டத்துக்குள்ளேயே இவ்வளவு பெரிய ஓட்டை இருந்ததால்தான் இந்த வேடிக்கை நடந்தது.

அந்த மென்பொருளின் பெயர் பிஜிபி. எழுதியவர் ஃபில் ஸிம்மர்மன். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். சேவை நிறுவனங்களும் கருவி செய்பவர்களும் அரசு கேட்டால் செய்தியின் மூல வடிவத்தைக் கொடுக்கும் விதத்திலேயே தங்கள் அமைப்புகளைக் கட்ட வேண்டும் என்று 1991இல் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதாவில் வாசகம் வந்தது. அது சட்டமாகிவிடுமோ என்று பயந்த ஸிம்மர்மன், அந்த ஆண்டு ஜூனில் தன் மென்பொருளை மூல நிரலோடு சும்மாவே கொடுத்துவிட்டார். அந்த வாசகம் சட்டமாகவில்லை. மென்பொருள் இணையத்தின் வழியே நாடு கடந்து போய்விட்டது. 1993இல் சுங்கத்துறை விசாரணை தொடங்கியது. உரிமம் இல்லாமல் ஆயுத ஏற்றுமதி செய்தாரா என்பதுதான் கேள்வி. மூன்று ஆண்டு அவரை இழுத்தடித்துவிட்டு, 1996 ஜனவரியில் குற்றச்சாட்டே பதியாமல் கோப்பை மூடினார்கள். அதற்குள் 1995இல் எம்.ஐ.டி. அச்சகம் பிஜிபியின் முழு நிரலையும் புத்தகமாகப் போட்டிருந்தது. இன்னும் குறும்பான சிலர், மறையாக்க நிரல் ஒன்றைச் சில வரிகளுக்குள் சுருக்கி டி-சர்ட்டில் அச்சிட்டு மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தச் சட்டையோடு விமானம் ஏறினால் ஆயுதக் கடத்தலா என்பது அவர்கள் கேள்வி.

கேலியை நீதிமன்றம்வரை கொண்டுபோனவர் டேனியல் பெர்ன்ஸ்டைன். பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தான் உருவாக்கிய மறையாக்க முறையை வெளியிட அரசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். 1995இல் வழக்குப் போட்டார். மூல நிரலும் ஒரு வகை வெளிப்பாடே, அதற்கும் பேச்சுரிமை உண்டு என்று 1999 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி எடுத்துக்கொண்டது. அது முடிவதற்குள் 2000 ஜனவரியில் அரசே விதிகளைத் தளர்த்திவிட்டது.

இத்தனை பேர் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தக் கணக்கு என்னதான் செய்கிறது?

ரகசியச் செய்தி அனுப்புவதில் ஆதிகாலத்திலிருந்தே ஒரு சிக்கல் உண்டு. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி என்றால், அந்தச் சாவியை எதிராளிக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? வழியில் எவனாவது நகல் எடுத்துவிட்டால்? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். அவர்கள் முன்வைத்த பொதுச் சாவி என்ற யோசனை கோயில் உண்டியலைப் போன்றது: யார் வேண்டுமானாலும் போடலாம், எடுப்பது சாவி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். ஆனால் என்னை இன்றும் அசரவைப்பது அவர்களுடைய இன்னொரு கணக்கு. ஊரே கேட்டுக்கொண்டிருக்க, இருவர் உரக்கப் பேசியே ஒரு ரகசிய எண்ணைப் பொதுவில் உருவாக்கிக்கொள்ள முடியும் என்பது அது. காகிதம் பேனா எடுத்துப் போட்டே பார்த்துவிடலாம்.

கயல், செல்வம் என்று இருவர். 3, 17 என்ற இரண்டு எண்களை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி ஒப்புக்கொள்கிறார்கள். கயல் மனதுக்குள் 6 என்று நினைத்துக்கொள்கிறாள். 3ஐ ஆறு முறை தன்னோடு பெருக்கினால் 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. ‘என் எண் 15’ என்று சொல்கிறாள். செல்வத்தின் மனதில் 7. 3ஐ ஏழு முறை பெருக்கினால் 2187, 17ஆல் வகுத்தால் மீதி 11. ‘என்னுடையது 11’ என்கிறான். இப்போது கயல் அவன் சொன்ன 11ஐத் தன் ரகசியப்படி ஆறு முறை பெருக்குகிறாள்: 17,71,561. பதினேழால் வகுத்தால் மீதி 8. செல்வம் அவள் சொன்ன 15ஐ ஏழு முறை பெருக்குகிறான்: 17,08,59,375. வகுத்தால் மீதி அதே 8. இருவருக்கும் 8 கிடைத்துவிட்டது, அந்த எட்டை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டவன் கையில் 3, 17, 15, 11 எல்லாம் இருக்கின்றன. இருந்தும் எட்டுக்குப் போக நேர்வழி இல்லை.

எண்கள் இவ்வளவு சின்னதாக இருந்தால் 1 முதல் 16 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். 17க்குப் பதில் 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்ணைப் போட்டால், இன்றைய கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் தேடி முடிக்க முடியாது. இப்போது நம் போன்களில் ஓடுவது நீள்வட்ட வளைவு என்ற வேறு வகைக் கணிதம், ஆனால் தந்திரம் இதுவே. வங்கிச் செயலியைத் திறக்கும்போதும், ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், கண் இமைக்கும் நேரத்தில் உங்கள் போனும் எங்கோ இருக்கும் சர்வரும் கயல்-செல்வம் பேச்சை நடத்தி முடித்துவிடுகின்றன. இன்னொரு செய்தி: பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூவின் கணிதர்கள் இதையெல்லாம் டிஃபி, ஹெல்மனுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ரகசியம் என்பதால் வெளியே சொல்லவில்லை. 1997இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அதனால் ஒரு வங்கிக்கோ ஒரு வணிகருக்கோ பயன் இல்லை.

அந்த ஏற்றுமதித் தடைக்குத் திரும்புவோம். அமெரிக்க அரசு ஏற்றுமதியை முழுதாக மறுத்துவிடவில்லை. பலவீனமான மறையாக்கத்தைத் தாராளமாக அனுப்பலாம் என்றது. சாவியின் நீளம் 40 பிட் என்றால் சம்மதம். 40 பிட் சாவிகள் ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல், கேட்பதற்குப் பெரிய எண். 1997 ஜனவரியில் பெர்க்லியின் இயன் கோல்ட்பர்க் என்ற மாணவர் சுமார் 250 கணினிகளை ஒன்றுசேர்த்து மூன்றரை மணி நேரத்தில் அப்படியொரு சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார். தடை போய்ப் பதினைந்து ஆண்டு கழித்தும் வினை தீரவில்லை. ஏற்றுமதிக்கென்று செய்த அந்த நோஞ்சான் முறைகள் மென்பொருள்களின் மூலையில் கிடந்தன, யாரும் எடுத்துப்போடவில்லை. நடுவில் புகுந்தவன் உலாவியை ஏமாற்றி அந்தப் பழைய பலவீன முறைக்கு இறக்கிவிட முடியும் என்று 2015இல் தெரியவந்தது. எதிரிக்கென்று வைத்த ஓட்டை சொந்த வீட்டுக்காரர்களின் உலாவியிலும் இருந்தது.

சரி, 2000இல் எல்லாம் சட்டப்படி கிடைத்துவிட்டதே, ஊரெல்லாம் பிஜிபி பயன்படுத்தியதா? இல்லை. 1999இல் அல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 12 பேரை உட்காரவைத்து, 90 நிமிடம் கொடுத்து, பிஜிபியில் ஒரு மின்னஞ்சலை மறையாக்கம் செய்து கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒருவரால்தான் சரியாகச் செய்ய முடிந்தது. சிலர் ரகசியச் செய்தியை அப்படியே வெட்டவெளியில் அனுப்பிவைத்தார்கள். அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் முதலில் தொடர்புகொண்ட பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கும் இந்த மென்பொருளை நிறுவிக்கொள்ளப் பொறுமை இருக்கவில்லை. அந்தத் தொடர்பு மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

இந்த இடத்தில் நான் ஒரு கட்சி எடுத்துவிடுகிறேன். ‘பாதுகாப்பு உங்கள் கையில்’ என்று வங்கிகளும் காவல்துறையும் ஒட்டும் சுவரொட்டி பெரும்பாலும் பொய். பயனரின் சாமர்த்தியத்தை நம்பியிருக்கும் எந்தப் பாதுகாப்பும் பொதுமக்களிடம் தோற்றே போயிருக்கிறது. செயலியை நிறுவியதும், எதையும் தொடாமலே, எந்தப் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கோடிக்கணக்கானோரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. அந்த இயல்புநிலையை வைப்பவர் நிரலர், அவர் எதை வைக்கலாம் என்று சொல்வது சட்டம். ஸிம்மர்மனின் வழக்கு நம் அம்மாவின் போனோடு சம்பந்தப்படுவது இப்படித்தான்.

இயல்புநிலையை மாற்றிக்காட்டியது சிக்னல் என்ற செய்திச் செயலி. மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டிரெவர் பெரினும் வகுத்த அதன் நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சாவி திருடுபோனாலும் பழைய செய்திகள் திறக்காது. பயனர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. இதையே வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டு 2016 ஏப்ரலில் தன் பயனர்கள் அத்தனை பேருக்கும் போட்டு முடித்தது. பிஜிபியால் 25 ஆண்டில் முடியாததை செயலி அப்டேட்களே முடித்துவிட்டன. குட்மார்னிங் ரோஜாப்பூப் படம் அனுப்பும் மாமாவும் அன்றுமுதல் ஸ்னோடன் அளவுக்கு மறையாக்கம் செய்கிறார், அவருக்கே தெரியாமல்.

ஒருமுறையாவது செய்துபாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருடைய பெயரைத் தொட்டு, ‘மறையாக்கம்’ என்ற வரியைத் தொட்டால் ஒரு க்யூஆர் சதுரமும் அதன் கீழே 60 இலக்க எண்ணும் வரும், ஐந்தைந்தாகப் பிரித்து 12 தொகுதி. உங்கள் சாவியையும் அவர் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் போனிலும் அதே 60 இலக்கம் இருந்தால், நடுவில் எவனும் புகுந்து கயலிடம் செல்வமாகவும் செல்வத்திடம் கயலாகவும் நடிக்கவில்லை என்று பொருள். போன் மாற்றினால் இந்த எண்ணும் மாறும். ‘பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது’ என்று உரையாடலில் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் அவர் புதுப் போன் வாங்கியிருப்பார், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே நிமிடத்தில் அவர் அவசரமாகப் பணம் கேட்டால் கூப்பிட்டுக் குரலைக் கேட்டுவிடுவது நல்லது.

மறையாக்கம் செய்தியின் உள்ளே இருப்பதைத்தான் மறைக்கும். யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார் என்பது வேறு கணக்கு. நள்ளிரவில் ஒருவர் புற்றுநோய் மருத்துவரையும் பிறகு தன் வக்கீலையும் அழைத்தார் என்றால், பேசியதைக் கேட்க வேண்டியதே இல்லை. 2016இல் அமெரிக்க விசாரணை அழைப்பாணை ஒன்று சிக்னலிடம் பயனர் விவரம் கேட்டது. நிறுவனத்தால் தர முடிந்தவை இரண்டே: ஒரு கணக்கு தொடங்கிய நேரம், அது கடைசியாக இணைந்த நாள். மறைத்துவைக்கவில்லை, சேர்த்துவைக்கவே இல்லை. வாட்ஸ்அப்புக்கும் சிக்னலுக்கும் பூட்டு ஒன்றே. வேறுபாடு இந்த இடத்தில்.

ஒரு செயலியைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, நிறுவிய உடனே என்ன நிலையில் இருக்கிறது என்பதே. டெலிகிராமைப் பலர் ரகசியத்துக்குப் பேர்போனதாக நினைக்கிறார்கள். அதில் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் (பேசுபவர்களின் போன்களில் மட்டுமே திறக்கும் பூட்டு) பெறுவதில்லை. ‘ரகசிய உரையாடல்’ என்று தனியாகத் தொடங்க வேண்டும், குழுக்களுக்கு அந்த வசதியே கிடையாது. புதுப்படம் இறங்கும் குழுக்கள் அங்கே கொழிப்பதற்குக் காரணம் ரகசியம் இல்லை, பெரிய கோப்புகளை அனுப்பும் வசதி. நம் ஊர் ஸோஹோவின் ‘அரட்டை’ 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று நாடெங்கும் பிரபலமானபோது, அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதையும் கொண்டுவருவதாக நிறுவனம் சொன்னது. சுதேசி என்பது பெருமைக்குரிய காரணம்தான், பூட்டுக்கு மாற்று ஆகாது.

மூல நிரல் திறந்திருந்தால் நம்பலாம் என்பார்கள். பாதி உண்மை. 2024 மார்ச்சில் ஆந்திரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் துருவிப் பார்த்தபோது, லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ‘எக்ஸ்ஸட்’ என்ற சுருக்கு மென்பொருளின் புதிய பதிப்பில் யாரோ பின்வாசல் வைத்திருப்பது தெரிந்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த நபர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லபிள்ளையாக உதவி செய்து, தனியாளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, இதைச் செருகியிருந்தார். அவர் யார் என்று இன்றுவரை வெளியே தெரியவில்லை. திறந்த நிரல் என்பதால்தான் ஃப்ராய்ண்டால் பிடிக்க முடிந்தது. அதே நிரல் ஒற்றை மனிதரின் சும்மா உழைப்பில் தொங்கிக்கொண்டிருந்ததால்தான் திருடனும் நுழைய முடிந்தது.

அரசுக்கு மட்டும் ஒரு வாசல் வைத்தால் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு பத்தாண்டிலும் திரும்பி வருகிறது. இதற்குத் தத்துவப் பதில் வேண்டாம், நடந்ததே இருக்கிறது. கிரேக்கத்தில் வோடஃபோன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தயாரிப்பாளர் வைத்திருந்த வசதிக்குள் யாரோ புகுந்து, 2004 ஒலிம்பிக் காலத்தையொட்டி பிரதமர் கரமன்லிஸ் உட்பட சுமார் 100 பேரின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டார்கள். 2024இல் சீனத்தோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் ‘சால்ட் டைஃபூன்’ கும்பல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நுழைந்து, நீதிமன்ற உத்தரவின்பேரில் ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையே தொட்டது. அந்த டிசம்பரில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, முக்கியப் பதவிகளில் இருப்போர் முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலிகளிலேயே பேச வேண்டும் என்று அறிவுறுத்தியது.

இந்தியாவில் இந்த விவாதம் கொலைகளால் சூடுபிடித்தது என்பதை மறக்கக் கூடாது. 2018இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி நாட்டின் பல பகுதிகளில் அப்பாவிகளை அடித்துக்கொன்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊர் கூடிக் கொன்றது. முதலில் கிளப்பிவிட்டவன் யார் என்று கேட்பது நியாயமான கோபம்.

அதே ஆண்டு சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, விரைவில் செய்தியின் மூலவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி, அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடு இணைத்தே அனுப்பலாம், மறையாக்கத்தை உடைக்க வேண்டியதில்லை என்று 2019இல் யோசனை சொன்னார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். செயலியைத் திருத்தி எழுதத் தெரிந்தவன் பொய் எண்ணை இணைத்துவிட மாட்டானா என்பது அவர் எடுத்துவைத்த சிக்கல்களில் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் உத்தரவு வந்தால் முதல் அனுப்புநரைக் காட்டித்தர வேண்டும் என்றன. அந்த மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் வாட்ஸ்அப் இருக்காது என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் வாதிட்டார்.

விதியில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. முதல் அனுப்புநர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே முதல் அனுப்புநராகக் கொள்ள வேண்டுமாம். துபாயில் இருக்கும் கணவர் ஒரு படம் அனுப்புகிறார். தென்காசியில் இருக்கும் மனைவி ‘இது உண்மையா?’ என்று அண்ணனுக்கு அதைத் தள்ளிவிடுகிறார். சட்டத்தின் கண்ணில் மூலவர் அந்த மனைவி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கைரேகை எண் போட்டுச் சேமித்துவைக்கலாம் என்பது அப்போது பேசப்பட்ட வழிகளில் ஒன்று. கைரேகைக் கணக்கின் குணமே, ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும் முழு எண்ணும் மாறிவிடுவது. வதந்தி கிளப்புபவன் ஒரு புள்ளி சேர்த்துத் தப்பிவிடுவான், புள்ளி சேர்க்கத் தெரியாதவர் மாட்டிக்கொள்வார். எந்தச் செய்திக்கு என்றைக்கு உத்தரவு வரும் என்று தெரியாததால், எல்லோருடைய எல்லாச் செய்திக்கும் முன்கூட்டியே பதிவு வைக்க வேண்டும். முறைகேட்டை அம்பலப்படுத்தும் அரசு ஊழியரின் செய்திக்கும் அதே பதிவுதான்.

வதந்தியைத் தணித்த மருந்து வேறு இடத்தில் இருந்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே தள்ள முடியும் என்று இறுக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. நிறுவனமே சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் கவனியுங்கள்: எத்தனை முறை கைமாறியது என்ற எண்ணிக்கை மறையாக்கத்துக்கு உள்ளேயே பயணிக்கிறது. யாரும் செய்தியைப் படிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. இயல்புநிலையில் ஒரு சின்னத் தடங்கல், அவ்வளவே.

அதே இயல்புநிலை நம்மைக் கைவிடும் இடங்களும் உண்டு. நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சிகளிலும் வெளிவரும் வாட்ஸ்அப் உரையாடல்கள் பெரும்பாலும் கணிதத்தை உடைத்து எடுத்தவை இல்லை. பூட்டுத் திறந்த போனிலிருந்தோ, எதிராளியின் ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்தோ, மேகக்கணியில் கிடக்கும் பேக்கப்பிலிருந்தோ வந்தவை. வாட்ஸ்அப் பேக்கப்புக்கு மறையாக்க வசதி 2021 இறுதியில் வந்தது, நிறுவும்போது அது அணைந்தே இருந்தது. செட்டிங்ஸில் ‘உரையாடல்கள்’, பிறகு ‘பேக்கப்’ என்று போய் நாமே போட வேண்டும். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கேட்கும். அதைத் தொலைத்துவிட்டால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது என்பதால் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி பீரோவில் வைப்பது நல்லது. கடவுச்சொல்லை எழுதிவைக்கக் கூடாது என்ற பழைய உபதேசம் அலுவலக மேசைக்குப் பொருந்தும், வீட்டு பீரோவுக்கு இல்லை.

இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அப்படியே, தானாக வராது. ஆறு இலக்க பின் ஒன்றை அமைத்துவிட்டால், ஓடிபியைப் பேசி வாங்கிய மோசடிக்காரன் உங்கள் எண்ணில் வாட்ஸ்அப்பைத் தன் போனில் தொடங்க முயன்றாலும் அந்த பின் இல்லாமல் நகர முடியாது. மறந்துவிடக் கூடாதென்று செயலியே அவ்வப்போது அதைக் கேட்கும். அப்பா அம்மா போனில் நீங்களே உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள், மீட்பு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து. ஆனால் ‘போலீஸ் பேசுகிறோம், வீடியோ காலிலேயே இருங்கள்’ என்று மிரட்டுபவனின் அழைப்பும் அதே உறுதியான மறையாக்கத்தில்தான் வரும். அதைத் துண்டிக்க எந்தக் கணிதமும் வராது, சிவப்புப் பொத்தான் போதும்.